மாட்டான் என்ற சொல்



வைத்தியரும் மனோதத்துவ நிபுணரும் நிற்க வேண்டிய இந்த அறக்கட்டளை மேடையில், 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனை நிறுத்தி, கற்றல் குறைபாடும் கவனக்குறைவும் உடைய பிள்ளைகளின் உள்ளத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். குறைபாட்டின் லக்ஷணங்களை வகுத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் மனம் எந்த இடத்தில், எந்த வேளையில், எவர் வாயிற் பிறந்த எந்தச் சொல்லால் புண்படுகிறது என்பதைச் சொல்வதற்கு, அத்தகைய சொற்களைச் சொல்லியவர்களில் ஒருவன் என்ற முறையில் எனக்குக் கடமை உண்டு என்று கருதியே உங்கள் அழைப்புக்கு இணங்கினேன்.

ஒரு சொல்லைப் பற்றிய விசாரணையோடு தொடங்குகிறேன். பழந்தமிழில் 'மாட்டுதல்' என்றால் வல்லமை உடையவனாதல் என்று பொருள். ஆகவே 'மாட்டான்' என்றால் அவனுக்கு அந்த வல்லமை இல்லை என்பதே பொருள். இன்றும் உரைநடையில் 'அழுகையை அடக்கமாட்டாமல்' என்று எழுதுகிறோம். அடக்க விருப்பமில்லாமல் என்று அதற்கு எவரும் பொருள் கொள்வதில்லை. ஆனால் பேச்சு வழக்கிலோ, காலப்போக்கில் அந்தச் சொல் மறுப்பின் பக்கமாகச் சாய்ந்து, 'வரமாட்டான்' என்றால் வருவதற்கு அவனுக்கு மனமில்லை என்று ஆகிவிட்டது. 'பையன் படிக்க மாட்டேங்கிறான் ஐயா' என்று ஒரு தாய் பள்ளிக்கூட வாசலில் நின்று கண்கலங்கச் சொல்லும்போது, அவள் சொல்வது இயலாமையா மறுப்பா என்பதை அவளும் ஆராய்வதில்லை, கேட்கும் ஆசிரியரும் ஆராய்வதில்லை. இருவருமாகச் சேர்ந்து மறுப்பு என்றே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தைப் பிள்ளையின் தலையில் சுமத்திவிடுகிறார்கள். சில நாட்களில் அந்தப் பிள்ளையும் அதை நம்பத் தொடங்குகிறது. என் அபிப்பிராயத்தில், இந்தக் குறைபாடுகளோடு வாழ்கிறவர்களின் துயரத்தில் எழுத்தும் எண்ணும் வராமையால் விளைவது ஒரு பங்கு என்றால், அந்த வராமைக்கு மற்றவர்கள் கற்பித்த காரணத்தால் விளைவது பல பங்கு.

என் பணிக்காலத்தின் முற்பகுதியில், ஆறாம் வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். உரைநடைப் பாடத்தை மாணவர்கள் பெஞ்சு வரிசையில் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, ஆளுக்கொரு பத்தியாக வாய்விட்டு வாசிப்பது எங்கள் வகுப்பு வழக்கம். மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒரு பையன், தன் முறை வந்ததும் எழுந்து, புத்தகத்தில் கண் பதித்து, பிழையில்லாமல், சற்று வேகமாகவே வாசித்துவிட்டு அமர்வான். அவன் எழுதிய விடைத்தாளைப் பார்க்கும்போது மட்டும், அந்த நாவுக்கும் இந்தக் கைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையே என்று தோன்றும். ஒருநாள், எந்த யோசனையும் இல்லாமல், கடைசி பெஞ்சிலிருந்து வாசிப்பைத் தொடங்கச் சொன்னேன். அவன் முறை வந்தது, எழுந்தான், வழக்கம்போல் சரளமாக வாசித்தான். ஆனால் அவன் வாசித்தது அவனுக்கு வர வேண்டிய பத்தி அன்று. இரண்டு பக்கம் முன்னே, ஏற்கெனவே வேறொருவன் வாசித்து முடித்த பத்தி. வகுப்பு முழுவதும் சிரித்தது. தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தனக்கு விழப்போகும் பத்தியைக் கண்டுபிடித்து, பக்கத்துப் பையனை முந்திய நாளே வாசித்துக் காட்டச் சொல்லி, காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு அவன் வந்திருந்தான் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. நான் அவனை, நாற்பத்தெட்டுப் பேர் கேட்க, 'கள்ளன்' என்றேன். அதோடு விடாமல், அந்தப் பத்தியை நூறு முறை எழுதிவரும்படி இம்போசிஷனும் கொடுத்தேன்.

அன்று முதல், வாசிப்பு உள்ள நாட்களில் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. அது நடிப்பு என்று நான் நினைத்தேன். அவன் தாயார் ஓம வாட்டர் கொடுத்தனுப்பினார். அது மெய்யான வலி என்பதையும், பயத்தை வாயால் சொல்லத் தெரியாத வயதில் வயிறே அதைச் சொல்லிவிடுகிறது என்பதையும் நான் அறிவதற்கு வெகுகாலம் ஆயிற்று. இன்று நினைத்துப் பார்க்கும்போது, தலைகளை எண்ணி, பத்திகளை எண்ணி, ஒரே தடவை கேட்டதை இரவெல்லாம் சொல்லிப் பார்த்து, எழுத்தின்மேல் விரலை ஓட்டி அபிநயித்து, இத்தனை பிரயத்தனமும் செய்த ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று மதிப்பேட்டில் எழுதிய கை என்னுடையது என்பது எனக்குத் தாங்கமாட்டாத துக்கத்தைத் தருகிறது.

அப்படிப்பட்ட ஒரு பையனைப் பற்றிய முதற்குறிப்பு மருத்துவ உலகில் 1896ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. மூளையில் நோய் கண்டு வாசிக்கும் சக்தியை இழந்த பெரியவர்களை ஜெர்மானிய வைத்தியர்கள் அதற்கு முன்பே ஆராய்ந்திருந்தார்கள்; 1877இல் அவர்களுள் ஒருவரான குஸ்மவுல் அதைச் 'சொற்குருடு' என்றார்; அதன்பின் ருடால்ஃப் பெர்லின் என்ற கண் வைத்தியர் 'டிஸ்லெக்சியா' என்று பெயரிட்டார். ஆனால் யாதொரு நோயும் காணாத, பிறந்தது முதலே அவ்வாறு இருக்கிற ஒரு சிறுவனைக் கண்டு எழுதியவர், இங்கிலாந்தின் தென்கரையில் ஸீஃபோர்டு என்னும் ஊரில் வைத்தியம் செய்துவந்த பிரிங்கிள் மார்கன். அந்தச் சிறுவனுக்கு வயது 14, பெயர் பெர்சி. 749ஐ 867ஆல் விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கிக் காட்டிய அவன், தன் பெயரை எழுதச் சொன்னபோது எழுத்தை இடம் மாற்றிப் 'பிரெசி' என்று எழுதினான். தான் எழுதியது தவறு என்பதும் அவனுக்குப் புலப்படவில்லை. அவன் பல வருஷம் படித்த பள்ளியின் உபாத்தியாயர், எல்லாப் பாடமும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று வைத்தியரிடம் சொல்லியிருந்தார். அந்த உபாத்தியாயரை நான் மனத்தால் வணங்குகிறேன். விஞ்ஞானம் அவருக்கு ஒன்றும் கற்பிக்காத காலத்தில், தம் கண்ணால் கண்டதை மட்டும் நம்பி, அந்தப் பிள்ளையின் அறிவுக்கு அவர் சாக்ஷி சொன்னார். எனக்கும் அதே சாக்ஷியம் கண்ணெதிரே இருந்தது. நான் அதைத் திருட்டு என்றேன்.

வாய்மொழி என்றதும் திருக்குறளின் அதிகார முறைவைப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது. 40ஆவது அதிகாரம் கல்வி, 41ஆவது கல்லாமை, கல்லாதவர்களைக் குறித்து வள்ளுவர் சொல்லும் கடுமையான வார்த்தைகள் அங்கே இருக்கின்றன. ஆனால் அவரைக் கடுமையானவர் என்று முடிவு கட்டிப் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. அடுத்துவரும் 42ஆவது அதிகாரம் கேள்வி. கல்லாமைக்கு மறுபக்கத்திலேயே காதின் வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். இந்த மூன்று அதிகாரங்களையும் பல ஆண்டுகள் நடத்திய நான், அவற்றின் வரிசையில் உள்ள கருணையை, காதால் கற்றுவந்த ஒரு பிள்ளையின் முன்னிலையில் மறந்துவிட்டேன்.

தமிழ் எழுத்து எளிது, எழுதியபடியே வாசிக்கலாம், ஆங்கிலத்தைப்போல் எழுத்தொன்றும் உச்சரிப்பொன்றுமாகக் குழப்பாது என்று நாம் பெருமைப்படுகிறோம். அதில் பெரும்பாலும் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பெருமையே இப்பிள்ளைகளுக்கு ஒரு தண்டனையாக முடிகிறது. ஆங்கிலம் வராத பிள்ளையை 'பாவம், அந்நிய பாஷை' என்று மன்னிக்கிறோம். தாய்மொழி வராத பிள்ளைக்கு மன்னிப்பே கிடையாது. உண்மையில் நம் எழுத்திலும் இடறும் இடங்கள் பல. 'கொ' என்னும்போது மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னும் வர, எழுத்திலோ அந்த உயிரின் குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது; 'கெ', 'கே', 'கை' எல்லாவற்றிலும் பின்னால் ஒலிப்பது முன்னால் எழுதப்படுகிறது. கடல், தங்கம், பகல் என்ற மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. ல, ள, ழ என்ற மூன்றையும், ந, ன, ண என்ற மூன்றையும் பேச்சில் ஒழுங்காகப் பிரித்துக் கேட்டறியாத குழந்தை எழுத்தில் பிரித்தாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, 'வந்தார்கள்' என்று அச்சிட்டிருப்பதைத் தன் வீட்டு வழக்கப்படி 'வந்தாங்க' என்று ஒரு குழந்தை வாசித்துவிட்டால், அது பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறது என்ற உண்மையை ஒருவரும் பாராட்டாமல் எல்லோரும் நகைக்கிறோம். சொல்லை ஒலிகளாகப் பிரித்து உணர்வதில் உள்ள தடையே வாசிப்புக் குறைபாட்டின் வேர் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். இத்தாலியம், ஜெர்மன் முதலிய, எழுத்தும் ஒலியும் நன்கு பொருந்திய மொழிகளில் இக்குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிடத் தாமதமாகவே வெளிப்படுகிறது. நம் மொழியிலும் அத்தகைய பிள்ளை எழுத்துக் கூட்டி மெல்ல மெல்ல வாசித்துவிடும். ஆனால் அது வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். 'வாசிக்கத்தான் தெரிகிறதே, வேகமாக வாசித்தால் என்ன?' என்ற அதட்டல் அந்தப் பிள்ளைக்காகவே காத்திருக்கிறது.

இவ்விதமாகத் தினந்தோறும் தோற்கிற மனத்துக்கு என்ன நேருகிறது? 1973இல் காரல் டுவெக் என்ற அம்மையாரும் ரெப்புச்சி என்பவரும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். பரிசோதனையை நடத்த வந்த இருவரில் ஒருவர் தீர்க்கக்கூடிய புதிர்களைக் கொடுத்தார். மற்றொருவர் தீர்க்க முடியாத புதிர்களை மட்டும் கொடுத்துவந்தார். பிறகு, அந்த இரண்டாமவரும் தீர்க்கக்கூடிய புதிர்களைக் கொடுத்தபோது, பிள்ளைகள் சிலரால் அவற்றைத் தீர்க்க முடியவில்லை. ஏறக்குறைய அதே புதிர்களை முதலாமவர் கையிலிருந்து வாங்கிச் சற்றுமுன் தீர்த்தவர்கள்தாம் அவர்கள்! அறிவு எங்கும் போய்விடவில்லை. இன்னார் முகத்தைக் கண்டால் தோல்விதான் என்று மனம் கற்றுக்கொண்டுவிட்டது. நான் வகுப்பறையில் நுழைந்தவுடன் சில பிள்ளைகளின் முகம் வாடுவதை மரியாதை என்று எண்ணி வந்தேன். அந்தப் பரிசோதனையைப் பற்றி அறிந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பரிசோதனையிலேயே இன்னொன்றும் விளங்கிற்று: தம் தோல்விக்கு முயற்சி போதாமையைக் காரணமாகக் கருதிய பிள்ளைகள் மீண்டும் முயன்றார்கள்; தம் கையில் ஒன்றும் இல்லை என்று கருதியவர்கள் ஓய்ந்துபோனார்கள். ஆனால் உள்ள முயற்சியெல்லாம் செய்தும் தோற்கிற பிள்ளையிடம் போய் 'இன்னும் முயற்சி செய்' என்று நாம் உபதேசிக்கும்போது, அதன் கடைசிக் கைப்பொருளையும் பறித்துவிடுகிறோம். தன் முயற்சி கூட முயற்சியில்லை போலும் என்று அது நினைத்துக்கொள்கிறது.

கவனக்குறைவும் மிகையியக்கமும் உடைய பிள்ளைகளின் நிலை இன்னும் பரிதாபமானது. வாசிக்க வராமையாவது ஒரு வித்தை வராமை என்று சிலர் இரங்குவார்கள். ஓரிடத்தில் உட்கார வராமை, சொன்னதை மறந்துபோவது, பிறர் பேசி முடிக்கும்வரை பொறுக்கமாட்டாமை ஆகியவை நேராகக் குணதோஷம் என்றே கொள்ளப்படுகின்றன. 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில், 1632இல் இறந்த தியடோர் குல்ஸ்டன் விட்டுச் சென்ற பொருளால் இன்றளவும் நடந்துவரும் சொற்பொழிவு வரிசையில், இத்தகைய பிள்ளைகளைப் பற்றி மூன்று உரைகள் நிகழ்த்தினார். அதுவும் நாம் கூடியிருக்கும் இதைப்போன்ற ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவே. அறிவில் குறைவில்லாத பிள்ளைகளிடமும் இது காணப்படுகிறது, வளர்ப்பின் குற்றம் என்று தள்ளிவிட முடியாது, உடலைச் சார்ந்த காரணம் உண்டு என்று அவர் எடுத்துக் கூறினார். ஆயினும் அதற்கு அவர் சூட்டிய பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்பது. இரக்கமுள்ள வைத்தியருக்கும் அன்று கிடைத்த சொல் அதுவாகத்தான் இருந்தது. 'கவனக்குறைவு' என்ற சொல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் ஏறுவதற்கு 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் வீடுகளிலோ, 'காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன்', 'தறுதலை', 'பொறுப்பில்லாதவன்' என்ற பழைய பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

பென்சில் டப்பாவைத் தொலைத்துவிட்டு வந்த நாளை அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். அது வேண்டுமென்று தொலைப்பதில்லை. தொலைத்தது எங்கே என்றும் தெரியாது. இந்த மாதத்தில் இது மூன்றாவது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்ற பயம், வந்ததும் வசவு, வசவு பொறுக்காமல் சட்டென்று மூளும் கோபம், தட்டைத் தள்ளிவிடுவது, ஐந்தே நிமிஷத்தில் அந்தக் கோபம் வடிந்துபோய், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவது. கோபத்தைக் கண்டவர்கள் முரடன் என்கிறார்கள். அழுகையைக் கண்டவர்கள் நடிப்பு என்கிறார்கள். உணர்ச்சி எழும் வேகத்தை நிறுத்திப்பிடிக்கும் ஆற்றலும் கவனத்தை நிறுத்திப்பிடிக்கும் ஆற்றலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் கோபமும் அந்த அழுகையும் இரண்டுமே மெய் என்பது விளங்கும். தாயைக் குறை சொல்லவும் எனக்கு நாவெழவில்லை. வளர்ப்புச் சரியில்லை என்று மாமியாரும் அண்டை வீட்டாரும் சொல்ல, பள்ளியிலிருந்து வாரம் ஒருமுறை அழைப்பு வர, அவளும் அதே நீதிமன்றத்தில் நிற்பவள்தான்.

பெண்குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஷேவிட்ஸ் என்ற வைத்திய அம்மையாரும் அவர் குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பள்ளிகள் வாசிப்புக் குறைபாடு உடையவர்கள் என்று இனங்கண்டு அனுப்பியவர்களில் ஆண்பிள்ளைகள் மிகுதியாக இருக்க, ஆராய்ச்சியாளர் தாமே எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தபோது ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாக இருந்தார்கள். தொந்தரவு செய்யும் பிள்ளை கண்ணில் படுகிறது; ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் தோற்கிற பெண் படுவதில்லை. 'அடக்கமான பெண், படிப்புத்தான் சுமார்' என்று நான் கையெழுத்திட்ட மதிப்பேடுகள் எத்தனையோ. முன்பு சொன்ன அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டின், 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, பள்ளிப் பருவத்தினரில் 100க்கு 5 முதல் 15 பேர் வரை கற்றல் குறைபாடு உடையவர்கள் என்றும், கவனக்குறைவு பிள்ளைகளில் 100க்குச் சுமார் 5 பேருக்கு உண்டு என்றும் சொல்கிறது. ஐம்பது பேர் கொண்ட வகுப்பில், மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும் இரண்டு மூன்று பேர். 34 ஆண்டுகளில் என் முன் உட்கார்ந்து எழுந்துபோன அவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த எண்ணை இச்சபையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2007இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்ற ஹிந்திப் படம் நம் நாட்டுப் பெற்றோர் பலரை முதன்முதலாக இவ்விஷயத்தில் சிந்திக்க வைத்தது. அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பையன் இறுதியில் சித்திரப் போட்டியில் வெற்றி பெறுகிறான். ஐன்ஸ்டீனும் டாவின்சியும் இப்படித்தான் இருந்தார்கள் என்று பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லும் வழக்கமும் எங்கும் பரவிவிட்டது. உறுதியான சான்றில்லாத அந்த ஆறுதலை நான் விரும்புவதில்லை. சித்திரமும் வராத, சங்கீதமும் வராத, சாதாரணமான ஒரு பிள்ளை, 'மேதையாகவும் நம்மால் ஆக முடியவில்லையே' என்று இரண்டாம் முறை தோற்க வேண்டுமா? எந்தப் போட்டியிலும் வெல்லாமலே மரியாதையோடு வாழ அதற்கு உரிமை உண்டு.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்திலேயே சென்னையில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளின் உழைப்பும் இதற்குப் பின்னால் உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் முதலிய சலுகைகள் இன்று கிடைக்கின்றன. ஆயினும் சான்றிதழ் வாங்கத் தயங்கும் பெற்றோர் ஏராளம். 'பெண்பிள்ளை ஐயா, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பெயரிட்டால் களங்கம் வருமென்று அஞ்சுகிறார்கள். பெயரிடாத பிள்ளையும் பெயரில்லாமல் இருப்பதில்லை. மக்கு, தத்தி, சோம்பேறி என்று ஊரார் இட்ட பெயர் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது.

நாற்பது வயதுக்குமேல் தம் குறைபாட்டை அறிந்துகொள்கிறவர்கள், தம் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போதுதான் பெரும்பாலும் அதை அறிகிறார்கள். முதலில் ஒரு நிம்மதி. அதன் பின்னாலேயே, முன்னமே தெரிந்திருந்தால் எவ்வாறெல்லாம் வாழ்ந்திருக்கலாம் என்ற துக்கம். இரண்டும் ஒருங்கே வருவதை நான் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை வேளை, மழை விட்டிருந்த சமயத்தில், பந்தல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒருவர் தம் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மூன்றாம் பெஞ்சுப் பையன் அவர்தான் என்று அவர் சொன்ன பிறகே தெரிந்துகொண்டேன். பழைய சம்பவத்தை நானே எடுத்து மன்னிப்புக் கேட்க முயன்றபோது, 'அதெல்லாம் இப்ப எதுக்குய்யா' என்று தடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து சில காகிதங்களை எடுத்து நீட்டினார். மகளைச் சோதித்தவர்கள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்த அறிக்கை. தமக்குப் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும் என்றார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். குழந்தையின் அறிவுத்திறன் வயதுக்கு உரிய அளவில் இருக்கிறது என்றும், வாசிப்பில் காணப்படும் தடை சோம்பலாலோ முயற்சிக் குறைவாலோ ஏற்பட்டதன்று என்றும் ஓரிடத்தில் எழுதியிருந்தது.

'அந்த எடத்த இன்னொரு வாட்டி படிங்கய்யா' என்றார்.

படித்தேன். அந்தப் பெண் திண்ணையில் எங்கள் வீட்டுப் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் படித்தேன்.